அலுமாரியில் உறங்கும் நாடாக்கள்

எமது குடாநாட்டு வீடுகள் பலவற்றில், புத்தக அலுமாரியின் அடித்தட்டிலோ பரணிலுள்ள தகரப் பெட்டியிலோ, கறுத்த செங்கற்களைப் போன்ற வீடியோ நாடாக்கள் இரண்டொன்று கிடப்பதைக் காணலாம். முதுகில் ஒட்டிய கடதாசியில் ‘அக்காவின் கலியாணம்’, ‘அப்புவின் அந்தியேட்டி’, ‘கொடியேற்றம்’ என்று நீல மையால் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஓட்டிப் பார்ப்பதற்குரிய ‘டெக்’ என்னும் யந்திரமோ பழுதாகி, பழைய இரும்பு சேர்ப்பவரின் வண்டியில் ஏறிப் பல்லாண்டுகள் கழிந்திருக்கும். நாடாவை எறிய மனம் வராது, பார்க்கவும் வழியிராது. அதனோடு ஒப்ப, 2000 ஆம் ஆண்டுக்குப் பின் எடுத்த இறுவட்டுக்களின் நிலையும் அத்துணை மேலானதன்று. வட்டைப் போட்டால் சுழலும் ஓசை மாத்திரம் கேட்கும், படம் வராது.

இவை பற்றி எமக்கு எழுதும் நேயர்கள் தொகை சில காலமாகப் பெருகி வருகின்றது. ஒருவர் தம் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படம் தமது தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவில்லை என்கிறார். வேறொருவர், கடைக்காரர் படத்தைச் ‘சுருக்கி’த் தந்தபின் முகங்கள் யாவும் நீரிற் கரைந்தாற்போல் ஆகிவிட்டன என்கிறார். இன்னொருவருக்கு, இலவசம் என்று நம்பி இறக்கிய ஒரு மென்பொருள், கன்னிகாதானக் காட்சியின் நட்டநடுவே தன் கொம்பனியின் பெயரைப் பெரிய எழுத்திற் பொறித்துக் கொடுத்ததாம். காசு கட்டினால் அதனை நீக்குவார்களாம்! சம்பந்தியின் நெற்றியில் விளம்பரம் எழுதி, அதனை அழிப்பதற்குக் கூலி கேட்கும் வியாபாரத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இக்கடிதங்களுள் ஒன்று எம்மைச் சில நாட்கள் வேறு வேலை செய்யவிடாது பிடித்துக்கொண்டது. எழுதியவர் வடமராட்சியைச் சேர்ந்த, இளைப்பாறிய ஆசிரியை. அவருடைய கணவர் 1996 ஆம் ஆண்டிற் காலமானார். அப்போது மகளுக்கு வயது ஒன்று நிறைந்து சில மாதங்களே. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இடப்பெயர்விலே வீட்டிலிருந்த படத் தொகுப்புக்கள் யாவும் போயின. எஞ்சியது, அடையாள அட்டைக்கென்று எடுத்த ஒரு சிறு நிழற்படம் மாத்திரமே. மகள் இப்போது முப்பது வயதைத் தாண்டியவர்; தகப்பனாரின் குரலைக் கேட்டதேயில்லை. ஆனால் 1993 ஆம் ஆண்டிலே கணவரின் தங்கைக்கு நடந்த கலியாணம் வீடியோவில் எடுக்கப்பட்டது. மணமகள் அந்நாடாவைத் தம்மோடு கொழும்புக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் கொண்டு சென்றார். அது இன்னும் ரொறன்ரோவில் இருக்கின்றது. அதிலே தமது கணவர் எங்கோ ஓரிடத்திற் பேசுகிறார் என்பது அம்மையாரின் ஞாபகம். “அதனை எடுத்து மகளுக்குக் கொடுக்க முடியுமா? கடையிற் கேட்ட தொகை என் ஓய்வூதியத்துக்கு எட்டாதது” என்று கேட்டிருந்தார்.

முடியும் என்பதே எமது விடை. அதற்கு வேண்டிய மென்பொருள்களுக்கு ஒரு சதமும் செலவாவதில்லை. செலவாவது பொறுமையே. எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகவே கூறுவோம். இந்த அம்மையாரின் நிலையில் வேறு பலரும் இருப்பர் என்று எண்ணுகிறோம்.

முதலில் நாடாவின் இயல்பை அறிதல் வேண்டும். வி.எச்.எஸ். என்னும் இந்நாடா ஜப்பானிலே ஜே.வி.சி. கொம்பனியாரால் 1976 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மெல்லிய பிளாஸ்ரிக் பட்டையின்மேற் பூசப்பட்ட காந்தப் பொடியிலேதான் படமும் ஒலியும் பதிந்துள்ளன. எமது காலநிலையில் ஈரம் புகுந்தால் அதன்மீது பூஞ்சணம் பிடிக்கும். நாடாப் பெட்டியின் கண்ணாடிச் சாளரம் வழியே நோக்குக. சுருளின் விளிம்பில் வெண்ணிறப் பொடி தெரிந்தால் அதனை எந்த யந்திரத்திலும் இடவேண்டாம். அப்பொடி யந்திரத்தின் தலையிற் படிந்து, அடுத்து இடும் நல்ல நாடாவையும் கெடுக்கும். அதனைத் துப்புரவு செய்தல் கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. நல்ல நாடாவாயின், முதுகுப்புறத்து ஓரத்திலுள்ள சிறு பிளாஸ்ரிக் நாக்கு உடைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, இல்லையேல் உடைத்துவிடுக. அது உடைந்த பின் அந்நாடாவிற் புதிதாக ஒன்றையும் பதிய இயலாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம். உலகில் இத்தகைய டெக் யந்திரங்களைக் கடைசியாகச் செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானியக் கொம்பனியும் 2016 ஆம் ஆண்டு ஆடி மாதத்தோடு அத்தொழிலை நிறுத்திவிட்டது. ஆகவே, ஓடுகின்ற யந்திரம் ஒன்று உறவினர் வீட்டிலே உண்டு என்றால் அதனை இப்போதே இரவல் வாங்குவது நன்று.

அம்மையாரின் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ரொறன்ரோவிலுள்ள மைத்துனியார் சில ஆண்டுகளுக்கு முன்னரே அங்குள்ள ஒரு கடையிற் கொடுத்து, நாடாவை இறுவட்டாக மாற்றி வைத்திருந்தார். அதன் பிரதியே முதலில் எமது கைக்குக் கிடைத்தது. படம் ஓடிற்று, ஆனால் நடப்பவர்கள் யாவரும் விக்கி விக்கி நடந்தனர். காரணம் யாதெனில், இலங்கையின் தொலைக்காட்சி முறை ‘பால்’ எனப்படுவது. குடிக்கும் பாலன்று, ஆங்கில எழுத்துக்கள் மூன்றின் சேர்க்கை. இம்முறையில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள். படம் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. கனடாவிலோ ‘என்.ரி.எஸ்.சி.’ என்னும் முறை. செக்கனுக்கு ஏறக்குறைய 30 படங்கள், கோடுகள் 480. கடைக்காரர் எமது 25 படங்களை அவர்களுடைய முப்பதுக்குள் அடக்குவதற்காக இடையிடையே சில படங்களை இரட்டித்திருந்தார். கோடுகளையும் குறைத்திருந்தார். அவர்மேற் குற்றமில்லை. அங்குள்ள பழைய தொலைக்காட்சிகளில் ஓடவேண்டுமென்று அவர் செய்தது அது. ஆயினும், குறைத்ததை நாம் மீட்டெடுக்க முடியாது. எனவே மூல நாடாவையே அனுப்புமாறு எழுதினோம். பிரதியிலிருந்து பிரதி எடுப்பதைக் காட்டிலும், மூலம் கிட்டுமாயின் மூலத்துக்கே போவது எப்போதும் உத்தமம். ஏட்டுச் சுவடி பதிப்பித்தவர்கள் இதனை நன்கு அறிவர்.

நாடாவிலிருந்து கணினிக்கு எடுக்க, டெக்கின் பின்புறத்திலுள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளை யு.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணைக்கும் சிறு கருவி ஒன்று தேவை. இவ்வொன்றுதான் காசு கொடுத்து வாங்கவேண்டியது. கணினியில் ‘ஓ.பி.எஸ்.’ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு பதிவு செய்யலாம். கருவியின் அமைப்பில் ‘பால்’ என்று குறித்து, அகலம் 720, உயரம் 576, செக்கனுக்கு 25 என்று இட்டுக்கொள்க. இதில் அவசரம் செல்லாது. மூன்று மணி நேர நாடாவைப் பதிய மூன்று மணி நேரம் வேண்டும். நாடா ஓடும்போதே நாமும் இருந்து பார்த்துக்கொண்டிருத்தல் நலம். இடையில் நாடா சிக்கினால் உடனே நிறுத்தலாமன்றோ?

இங்கே கோப்பு, பெட்டி, சுருக்கம் ஆகிய மூன்றையும் பிரித்து விளங்கிக்கொண்டால் மற்றவை யாவும் எளிதாகும். எமக்கு எழுதுபவர்களுள் பெரும்பாலோர் குழம்புவது இவ்விடத்திலேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 720 ஐ 576 ஆற் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட் வீதம், செக்கனுக்கு 25 படம் வீதம், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 கிகாபைட் ஆகின்றது. மூன்று மணி நேரக் கலியாணம் ஒன்று கணினியின் வயிற்றையே நிரப்பிவிடும். ஆகவே சுருக்குதல் இன்றியமையாதது. எப்படிச் சுருக்குகிறார்கள்? பனங்கிழங்கை நாம் ஒடியலாக்குவதை நினைத்துக்கொள்க. நீரை வற்றச் செய்தால் ஒரு கடகக் கிழங்கு சிறு பெட்டியில் அடங்கும்; மாதக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது ஊறவைத்து உண்ணலாம். ஆனால் ஊறிய ஒடியல் பச்சைக் கிழங்காக ஒருபோதும் மாறாது. வீடியோச் சுருக்கமும் அவ்வாறே. கண் கவனியாது என்று தாம் எண்ணுகின்ற நுட்பங்களை அது கைவிட்டுவிடுகின்றது. மேலும் ஒரு படத்தை முழுமையாக எழுதியபின், அடுத்துவரும் படங்களில் மாறிய இடங்களை மாத்திரம் குறித்துக்கொண்டு போகின்றது. பந்தலும் மணவறையும் அசைவதில்லையே. ஐயரின் கை மாத்திரந்தானே அசைகின்றது! 2003 ஆம் ஆண்டில் வெளியான எச்.264 என்னும் முறையிற் சுருக்கினால் மேற்கூறிய 75 கிகாபைட் ஏறக்குறைய 700 மெகாபைட்டில் அடங்கிவிடும். அதாவது நூறில் ஒரு பங்கு.

சுருக்கிய பொருளை இடும் பெட்டி வேறு. எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்று கோப்பின் வாலில் நாம் காண்பன பெட்டிகளின் பெயர்களே. உள்ளே இருக்கும் பண்டத்தின் பெயர்களல்ல. மற்றொஸ்கா என்னும் எம்.கே.வி. பெட்டி, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் உருசிய மரப்பொம்மைகளால் அப்பெயர் பெற்றது. தொலைக்காட்சி ஒரு கோப்பை ஏற்க மறுத்தால், பண்டம் பிடிக்காமல் மறுக்கின்றதா, பெட்டி பிடிக்காமல் மறுக்கின்றதா என்று முதலில் அறிதல் வேண்டும். பெட்டி மாத்திரமே காரணமாயின், பண்டத்தைத் தொடாது வேறு பெட்டிக்கு மாற்றிவிடலாம். சில விநாடிகளில் முடியும், தரம் இம்மியும் குறையாது. இதனை அறியாதவர்கள் ஒடியலை மீண்டும் ஊறவைத்து மீண்டும் உலர்த்துகிறார்கள். முகங்கள் நீரிற் கரைந்தாற்போல் ஆனமைக்குக் காரணம் இதுவே. முதற் கடிதத்தை எழுதிய தந்தையாரின் படத்தையும் வரவழைத்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது சாதாரண எச்.264, பெட்டி மாத்திரம் அவரது தொலைக்காட்சிக்கு ஒவ்வாதது. எம்.பி.4 பெட்டிக்கு மாற்றி அனுப்பினோம். ஓடுகின்றதாம்.

இவ்வேலைகள் யாவற்றுக்கும் அடியில் நிற்கும் கருவி ‘எஃப்.எஃப்.எம்பெக்’ என்பது. பிரான்சு தேசத்தவரான ஃபப்ரிஸ் பெலார் என்பவர் இதனை 2000 ஆம் ஆண்டிலே தொடங்கினார். இதற்கு அழகிய முகப்பு ஒன்றுமில்லை. கறுத்த திரையிலே கட்டளையைத் தட்டெழுதவேண்டும்: இந்தக் கோப்பை எடு, உள்ளிருப்பதை அப்படியே பிரதி செய், இந்தப் பெட்டியில் வை என்று. உலகெங்கும் தன்னலமின்றி உழைப்போர் கூடி வளர்த்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்குள்ளும் 2011 ஆம் ஆண்டிற் பிணக்கு மூண்டு, ஒரு பகுதியார் பிரிந்துபோய் ‘லிபாவ்’ என்று வேறொன்றைத் தொடங்கினர். எமது கோயிற் பரிபாலன சபைகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பாயிராது. பிரிந்தது காலப்போக்கில் மங்கிவிட, மூலமே நிலைத்தது.

கறுத்த திரைக்கு அஞ்சுவோருக்கு வேறு வாயில்கள் உண்டு. படம் பார்ப்பதற்கு ‘வி.எல்.சி.’, பாரிஸ் நகரத்து எக்கோல் சென்ட்றால் என்னும் கல்விநிலைய மாணவர்கள் 1996 ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் விளைவு. வீதி திருத்தும் இடத்தில் வைக்கும் செம்மஞ்சட் கூம்பு அதன் சின்னம். வேறெதிலும் ஓடாத படம் இதிலே பெரும்பாலும் ஓடும். கோப்பை மாற்றுவதற்கு ‘ஹாண்ட்பிறேக்’. பழைய இறுவட்டிலுள்ள கலியாணத்தை ஒரே எம்.பி.4 கோப்பாக எடுக்க இதனிலும் எளிதானது நாம் அறிந்தவரை இல்லை. ஆனால் வட்டிலுள்ளவற்றை முதலிற் கணினிக்குப் பிரதி செய்துவிட்டுப் பின்னர் மாற்றுக. சாகக்கிடக்கும் வட்டைப் பலமுறை சுழற்றக்கூடாது. வெட்டுவதற்கு ‘லொஸ்லெஸ்கட்’, ‘அவிடெமக்ஸ்’ என்பன. தலைப்பு இட்டு, பாட்டுச் சேர்த்து, காட்சிகளை ஒழுங்குபடுத்த விரும்புவோருக்கு ‘ஷொட்கட்’டும் ‘கே.டென்லைவ்’வும் உள. பாட்டுச் சேர்ப்பது பற்றி எமது அபிப்பிராயம் வேறு. கலியாணத்தில் ஊதிய நாதசுரத்தை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போடுவது ஏன் என்று எமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவை யாவும் ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. காசில்லை என்பது அதன் ஒரு பகுதியே. எவரும் உபயோகிக்கலாம், பிரதி செய்து அயலவருக்குக் கொடுக்கலாம், உள்ளமைப்பைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம் என்பதே அதன் பொருள். ரிச்சட் ஸ்ரோல்மன் என்னும் அமெரிக்கர் 1983 ஆம் ஆண்டில் அறிவித்த ‘க்னு’ என்னும் முயற்சியிலிருந்து வளர்ந்த கொள்கை இது. எமது மாணவர்கள் பலர் களவாகப் பூட்டுடைத்த விலைமென்பொருள்களை ஏதோ கெட்டித்தனமெனக் கருதி உபயோகிக்கிறார்கள். பூட்டுடைத்தவன் கூடவே என்ன நச்சுப் பொருளை வைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. நேர்வழியிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது களவு எதற்கு?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கவும் கூடாது. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹாண்ட்பிறேக்கின் பதிவிறக்க நிலையங்களுள் ஒன்றிலே தீயோர் புகுந்து, மக் கணினிக்கான பிரதிக்குப் பதிலாக நச்சுப் பிரதியொன்றைச் சில நாட்கள் வைத்துவிட்டனர். செய்தவர்களே அதனை மறைக்காது வெளியிட்டார்கள். கோப்போடு அவர்கள் பிரசுரிக்கும் நீண்ட சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பினர். ஆகவே செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குக, அவ்வெண்ணையும் ஒப்பிடுக. படத்தை ஏற்றினால் மாற்றித் தருவோம் என்று அழைக்கும் முகவரியறியாத் தளங்களுக்கு வீட்டுப் படங்களை அனுப்புதல் எமக்குச் சற்றும் சம்மதமன்று. வீட்டுப் பெண்பிள்ளைகளின் படத்தை வழிப்போக்கரிடம் ஒப்படைப்போமா?

இனி அம்மையாரின் நாடாவுக்கு வருவோம். நல்ல காலமாக அது குளிர்நாட்டில் இருந்தமையாற் பூஞ்சணம் பிடிக்கவில்லை. நண்பர் ஒருவரின் டெக்கிலே ஓட்டி, இழப்பின்றிச் சுருக்கும் ‘எஃப்.எஃப்.வி.1’ என்னும் முறையிற் பதிந்தோம். இதுவும் எஃப்.எஃப்.எம்பெக் குழுவினரிடம் பிறந்ததே. ஒஸ்ரியா நாட்டுத் தேசிய ஒலி, ஒளி ஆவணக் காப்பகம் இதனை உபயோகிக்கின்றது. 2021 ஆம் ஆண்டில் இணையப் பொறியியற் குழுவின் ஏடாகவும் வெளியாயிற்று. ஒடியலாக்காமல், பச்சைக் கிழங்கையே நெருக்கி அடுக்குவது போன்றது இது. கோப்பு மிகப் பெரிதாகும். ஆயினும் மூலப்பிரதி என்று ஒன்றேனும் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. நாளை இன்னும் நல்ல கருவி வந்தாற் திரும்பவும் இதிலிருந்தே தொடங்கலாம்.

அதிலிருந்து பார்ப்பதற்கான சிறு பிரதி எடுத்தபோது இரண்டு விஷயங்களைக் கவனித்தோம். முதலாவது, அறுகரிசி போடும் காட்சியிலே கைகளின் விளிம்பெல்லாம் சீப்பின் பற்களைப்போல் வரிவரியாகத் தெரிந்தன. பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படத்தின் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் செக்கனில் ஐம்பதிலொரு பங்கு இடைவெளியில் வெவ்வேறாக எடுக்கப்பட்டவை. அசையாப் பொருளில் இரண்டும் பொருந்தும். வீசும் கை அதற்குள் நகர்ந்துவிடுகின்றது. ஹாண்ட்பிறேக்கில் வடிகட்டிகள் என்னும் பகுதியில் இதனைச் சீராக்கும் ‘யாடிஃப்’ உள்ளது. ‘இன்னுமொரு வரிநீக்கி’ என்பதே அப்பெயரின் விரிவு; செய்தவர்களுக்கும் நகைச்சுவை உண்டு. சுருக்கத்தின் தர எண்ணை 20 அளவில் வைத்தோம். இவ்வெண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். இரண்டாவது, பழைய படத்தின் வடிவம் நாலுக்கு மூன்று. இன்றைய அகன்ற திரையை நிரப்பவேண்டுமென்று அதனை இழுத்தால் மணமகள் முதல் சமையற்காரர் வரை யாவரும் பருத்துவிடுவர். இருபுறமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கணவர் பேசும் இடம், நாடாவின் இரண்டாம் மணித்தியாலத்தில், பந்தியிலே அகப்பட்டது. நாற்பது செக்கனுக்கு மேலில்லை. கையில் வாளியோடு வருகிறார், படம் பிடிப்பவரை நோக்கி, “நீங்கள் இன்னும் சாப்பிடேல்லையோ? அதை வைச்சிட்டு வாங்கோ, இருந்து சாப்பிடுங்கோ” என்கிறார். சிரிக்கிறார். பின்னர் வேறு பக்கம் திரும்பி யாரையோ அழைக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அதன்மேல் முழுவதும் ஓர் இரைச்சல். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை; விளக்குக்கும் படக்கருவிக்கும் மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனறேற்றர் பந்தலின் பின்னே முழங்கிக்கொண்டிருந்தது.

அப்பகுதியை வெட்ட லொஸ்லெஸ்கட்டை உபயோகித்தோம். பண்டத்தைத் தொடாது வெட்டும்போது, நினைத்த இடத்திலெல்லாம் வெட்ட இயலாது. முன்னர் கூறிய முழுப்படம் எங்கே உளதோ அங்கேதான் வெட்டின் தொடக்கம் அமையும். எச்.264 கோப்புக்களில் இம்முழுப்படங்கள் சிலவேளை பத்துச் செக்கனுக்கு ஒன்றாகவும் இருக்கும். ஆதலின் சற்று முன்பாகவே தொடங்கி வெட்டுக. ஒரு சொல்லின் தலையைக் கொய்வதைவிடச் சில செக்கன் மிகுதியாக இருப்பது மேல்.

ஒலியைத் தனியே பிரித்து ‘ஓடாசிற்றி’ என்னும் கட்டற்ற மென்பொருளிற் போட்டோம். எவரும் பேசாது யந்திரம் மாத்திரம் இரையும் இரண்டு செக்கனைத் தெரிந்து காட்டினால், அது இரைச்சலின் இயல்பைக் கற்றுக்கொள்ளும். பின் முழு ஒலியிலும் அதனைத் தணிக்கும். இங்கே பேராசை கூடாது. முழுவதையும் நீக்க முயன்றபோது குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாயிற்று. முப்பது வருஷம் காத்திருந்த மகளுக்கு இயந்திரக் குரலையா கொடுப்பது? இரைச்சலைப் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத் தணித்து நிறுத்தினோம். சொற்கள் தெளிவாயின, ஜெனறேற்றரும் தூரத்திற் கேட்கின்றது. திருத்திய ஒலியைப் படத்தோடு மீண்டும் சேர்க்கும்போது படத்தை மறுபடி சுருக்கத் தேவையில்லை. பிரதி செய்தாலே போதும். தணிக்காத மூல ஒலியையும் அதே பெட்டியில் இரண்டாம் ஒலித்தடமாக வைத்தோம். வேண்டியவர் வேண்டியதைக் கேட்கலாம்.

அனுப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் வசதிக்குத் திரும்பச் சுருக்கிவிடும். அதனையே ‘ஆவணம்’ என்று தெரிந்து அனுப்பினால் தொடாது கொண்டுசேர்க்கும். 2022 ஆம் ஆண்டிலிருந்து இரண்டு கிகாபைட் வரை இடங்கொடுக்கின்றது. முழு நாடாவின் மூலப்பிரதியை வன்றட்டு ஒன்றில் இட்டு அம்மையாருக்கும், மற்றொன்றில் ரொறன்ரோவுக்கும் அனுப்பினோம். ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைப்பது ஒரு பிரதி வைப்பதற்குச் சமம். 1995 ஐக் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

அம்மையார் பின்னர் எழுதிய கடிதத்தில், மகள் அந்த நாற்பது செக்கனை ஒருமுறை கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டதாகவும், இரவு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பலமுறை கேட்டதாகவும் குறிப்பிட்டிருந்தார். “அவருடைய குரல் இவ்வளவு மெல்லியது என்பதை நானே மறந்துபோனேன்” என்றும் ஒரு வரி இருந்தது.

இன்னுமொரு வேலை மிஞ்சியிருக்கின்றது. இது எல்லா நேயர்களும் செய்யக்கூடியது. படத்தில் உள்ளவர்கள் யார் யார் என்பதை அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்தல் வேண்டும். இதற்குத் துணையெழுத்துக் கோப்பு என்று ஒன்று உண்டு. சாதாரண எழுத்துக் கோப்பே. வரிசை எண், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், கீழே எழுதவேண்டிய சொற்கள், பின்பு ஒரு வெற்றுவரி. இவ்வாறே எத்தனையும் எழுதலாம். யூனிகோட் தமிழில் எழுதிச் சேமித்து, படக்கோப்பின் அதே பெயரை இட்டு அருகில் வைத்தால் வி.எல்.சி. தானாகவே எடுத்துக் காட்டும். படத்தில் ஒன்றும் பொறிக்கப்படுவதில்லை, வேண்டாதபோது மறைத்துவிடலாம். அம்மையார் கொப்பியிலே நேரங்களைக் குறித்து, இதுவரை அறுபது பெயருக்கு மேல் எழுதியிருக்கிறார். பந்தியிலே கணவர் திரும்பி அழைக்கும் அந்த இளைஞர் யாரென்பது மாத்திரம் அவருக்குத் தெரியவில்லை. ரொறன்ரோவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாராம்.